அன்றாட அப்பமும் அன்றாடக் கூலியும்

அன்றாட அப்பத்துக்காக மன்றாடும்படி ஆண்டவர் தம் சீடருக்குக் கற்பித்தார். மாதச் சம்பளம் பெறுகிற நாம் அம்மன்றாட்டைப் பெரும்பாலும் பழக்கத்தினாலேயே சொல்லிவிடுகிறோம். சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரங்களில் பட்டாசுத் தொழிலையும் தீப்பெட்டித் தொழிலையும் நம்பி வாழும் இறைமக்களுக்கோ அது அன்றைய அடுப்பைப் பற்றிய மன்றாட்டாகும். செய்து முடித்த எண்ணிக்கைக்கேற்பக் கூலி பெறுவோர் அவர்களுள் பலர். மழை பெய்தால் சரக்குக் காயாது. சரக்குக் காயாவிடில் கூலியும் குறையும்.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. அதனைத் தொடர்ந்து பட்டாசு ஆலைகள் பல, மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. அந்நாட்களில் ஒரு ஞாயிறன்று, மத்தேயு 6ஆம் அதிகாரத்தை விளக்கி, கவலையற்ற வாழ்வைக் குறித்து அருளுரை ஆற்றினோம். ஆராதனை முடிந்தபின் ஒரு தாயார் நம்மிடம் வந்து, "ஐயா, குருவிக்கு அட்வான்ஸ் பாக்கி கிடையாதே, எங்களுக்கு இருக்குதே" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதனாலேயே அச்சொல் நம்மை நெடுநாள் வருத்திற்று. நாம் அறிவித்தது நற்செய்திதானா என்று மீண்டும் திருமறையை ஆராயலானோம்.

பறவைகளைப் பற்றிய போதனைக்குச் சற்று முன்னே, கடவுளுக்கும் செல்வத்துக்கும் ஒருங்கே ஊழியம் செய்ய இயலாது என்று ஆண்டவர் எச்சரிக்கிறார். அப்போதனையின் முடிவிலோ, இறையாட்சியையும் அதன் நீதியையும் முதலாவது தேடும்படி கட்டளையிடுகிறார். இவ்விரண்டையும் நீக்கிவிட்டுப் பறவைகளை மட்டும் எடுத்துரைத்தது நம் தவறு. வனாந்தரத்து மன்னாவும் இதையே காட்டுகிறது. யாத்திராகமம் 16இல் மிகுதியாகச் சேர்த்தவருக்கு மிஞ்சவில்லை. குறைவாகச் சேர்த்தவருக்குக் குறையவில்லை. மறுநாளைக்கென்று பதுக்கியது புழுத்துப் போயிற்று. கடவுள் அருளிய உணவோடு, அதைப் பகிரும் முறைமையும் அருளப்பட்டது. உபாகமம் 24ஆம் அதிகாரம் ஏழையின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கக் கட்டளையிடுகிறது. ஆகவே, கடவுளின் பராமரிப்பு மனிதர் கைகளின் வழியாகவும் வருகிறது; அக்கைகள் மூடிக்கொண்டால் அது தடைபடுகிறது.

இதற்கு மாறாக, எந்த மனிதரையும் சாராது கடவுளை மட்டும் நம்பி வாழ்ந்தோர் உண்டல்லவா எனச் சிலர் வினவலாம். ஜான் கிறிஸ்டியன் அருளப்பனை (1810-1867) நாம் நன்றியோடு நினைக்கிறோம். இரேனியஸ் ஐயரிடம் கற்று, அந்தோணி நாரிஸ் குரோவ்ஸுடன் உழைத்த அவர், நிலையான சம்பளத்தை ஏற்க மறுத்தார். கூலிக்காகப் பிரசங்கிக்கிறான் என்று மக்கள் சொல்லக்கூடாது என்பதே அவர் கூறிய காரணம். 1842இல் திருநெல்வேலி, மதுரைச் சீமைகளின் எல்லையையொட்டிக் கிறிஸ்தியான்பேட்டை என்னும் சிற்றூரை அமைத்து, நம்பிக்கையினாலே ஊழியம் செய்தார். ஆனால் அருளப்பன் துறந்தது தம்முடைய சம்பளத்தை. பிறருடைய கூலியை அன்று. தாமாக விரும்பி ஏற்கும் எளிமை விசுவாசத்தின் கனியாகும். பிறர்மேல் சுமத்தப்படும் வறுமைக்கு விசுவாசம் என்று பெயரிடுதல் தகாது.

இன்னொன்றையும் கூறவேண்டும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 அன்று அச்சன்குளத்திலும் நேர்ந்த வெடிவிபத்துகள் பல குடும்பங்களைச் சிதைத்தன. ஓர் அறையில் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் ஆட்களையும் மருந்தையும் வைத்துவிட்டு, "கடவுள் காப்பார்" என்பது நம்பிக்கையன்று. ஆலய உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்ன சோதனைக்காரனின் வாதமே அது. பாதுகாப்பு விதிகளைக் கேட்டு வாங்கும் தொழிலாளியும், அவற்றைக் காக்கும் முதலாளியும் அன்றாட அப்பத்துக்கான மன்றாட்டை மெய்யாகவே ஏறெடுக்கிறார்கள்.

அவ்வாண்டில் நம் சபையின் பெண்கள், வழக்கமான கைப்பிடி அரிசிக் காணிக்கையை வேலையிழந்த வீடுகளுக்குப் பங்கிட்டனர். எச்சமயத்தார் என்று பாராமல் கொடுத்தனர். அதனால் எவருடைய அட்வான்ஸ் பாக்கியும் தீர்ந்துவிடவில்லை. எனினும் அடுப்புகள் எரிந்தன. ஆலை திறந்தபின், முன்பு நம்மிடம் வினவிய அத்தாயாரும் தம் கைப்பிடி அரிசியைப் பீடத்தண்டை கொண்டுவந்து வைத்தார்.

ஆண்டவர் கற்பித்த மன்றாட்டில் "என்" அப்பம் என்ற சொல் இல்லை. "எங்கள்" அப்பம் என்றே கேட்கிறோம். அயலான் பசித்திருக்கையில் நாம் உண்டால், நம் மன்றாட்டில் பாதியே நிறைவேறியிருக்கிறது. மீதிப் பாதியைக் கடவுள் நம்மிடம் கேட்கிறார்.