ஊட்டி டு மைசூரு ரோடு ட்ரிப்: மேப் காட்டும் ‘ஷார்ட்கட்’டில் ஏன் இறங்க முடியாது?

ஊட்டியிலிருந்து மைசூருக்கு காரில் கிளம்புறீங்க. தூரத்தை மட்டும் பார்த்தால் கல்லட்டி, மசினகுடி வழிதான் சுருக்கம். கூடலூர் சுற்றிப் போவதைவிட சுமார் 30 கி.மீ. மிச்சம். பக்கத்து சீட்டில் போனும் கையுமாக இருக்கிற நண்பர், “மச்சான், ரைட்ல இறங்குடா, சீக்கிரம் போயிடலாம்” என்பார். ஆனால், தலைக்குந்தா சோதனைச்சாவடியில் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்திவிடுவார்.

காரணம் இருக்கு. கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், அதோடு செங்குத்தான இறக்கம். சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் வழி முழுக்க பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவார்கள். சூடேறிய பிரேக் ஒரு கட்டத்தில் பிடிக்காது. 2018-ல் சென்னையிலிருந்து சுற்றுலா வந்தவர்களின் கார் இங்கே பள்ளத்தில் விழுந்து, 2 நாள் கழித்துத்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 5 பேர் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் வெளியூர் வண்டிகள் இறங்கத் தடை வந்தது.

இது மேப்புக்குத் தெரியாதா? சாலை இருப்பது தெரியும். அந்தச் சாலையில் யார் போகலாம், எந்தப் பக்கம் போகலாம் என்ற உள்ளூர் உத்தரவை யாராவது அதில் பதிவேற்றினால்தான் தெரியும்.

அடுத்த குழப்பம், “சிக்னல் போச்சு, ஜிபிஎஸ் வேலை செய்யல” என்பது. இரண்டும் வேறு வேறு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால் போதும், சிம் கார்டே இல்லாத போன்கூட தன் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். டவர் போனால் காணாமல் போவது வரைபடமும் புது வழி தேடும் வசதியும்தான். அதான் முதுமலை காட்டுக்குள் நீலப் புள்ளி மட்டும் சாம்பல் நிற வெற்றிடத்தில் பாவமாக நகர்ந்துகொண்டிருக்கும். ஹோட்டல் வைஃபையிலேயே ஆஃப்லைன் மேப்பை இறக்கிக்கொண்டால் இந்தத் தொல்லை பாதி தீரும்.

மீதிப் பாதி மலையால் வருவது. திறந்த வானத்தின் கீழேயே போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் முன்னே பின்னே காட்டும். பாறைச் சுவரும் அடர்ந்த மரங்களும் சிக்னலை மறைத்தால், சிதறடித்தால், பிழை இன்னும் கூடும். கொண்டை ஊசி வளைவில் மேல் ரோடும் கீழ் ரோடும் ஒட்டினாற்போல ஓடுவதால், நீங்கள் எதில் இருக்கிறீர்கள் என்று ஆப் ஊகிக்கத்தான் வேண்டும். திரும்பி முடித்த வளைவுக்கு ‘டர்ன் லெஃப்ட்’ என்று குரல் வருவது இதனால்தான்.

சரி, கூடலூர் வழியே போறோம். பைக்காரா, நடுவட்டம், தேயிலைச் சரிவு என்று கண்ணுக்கு விருந்துதான் (என்னைக் கேட்டால் இதுதான் அழகான வழி). ஆனால் கடிகாரத்தில் ஒரு கண் இருக்கணும். முதுமலையைத் தாண்டினால் வரும் பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 முதல் காலை 6 மணி வரை பொதுப் போக்குவரத்துக்குத் தடை. ஆம்புலன்ஸ், குறிப்பிட்ட சில பஸ்களுக்கு மட்டும் விலக்கு. தலைக்குந்தாவில் திருப்பி விடப்பட்டு, பைக்காராவில் டீ குடித்து, போட்டோ எடுத்து நேரத்தை விட்டால் கூடலூரிலேயே ரூம் தேட வேண்டியதுதான். ஆப் சொல்லும் நேரத்துக்கு மேலே ஒரு மணி நேரமாவது சேர்த்துக் கணக்குப் போடுங்க. காட்டுக்குள் வண்டியை நிறுத்தி இறங்கவும் கூடாது, யானை நின்றால் காத்திருக்கணும்.

பக்கத்து சீட்டு நண்பருக்கும் வேலை இருக்கு. திரையைவிட கிலோமீட்டர் கல்லைப் பார்க்கச் சொல்லுங்க. தலையில் மஞ்சள் இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை இருந்தால் மாநில நெடுஞ்சாலை. மஞ்சள் கல்லைப் பார்த்துக்கொண்டே வந்தவர்கள், ஆப் சொன்னது என்று திடீரென ஒரு சந்துக்குள் திரும்பினால், அங்கேயே ஓரம் கட்டி டீக்கடைக்காரரிடம் கேட்டுவிடுவது நல்லது. ‘இந்த வழியா போகலாமா’ என்று மட்டும் கேட்காமல், ‘எங்க வண்டிய விடுவாங்களாண்ணா?’ என்று கேளுங்க.