உலா வருபவரைப் பார்ப்பவர் யார்?

ஆவடி ரயில் நிலையத்துக்கு அருகே, குறுகிய மாடிப்படி ஏறிச் சென்றால், பலகைத் தடுப்புகளுக்கு நடுவே ஆறு கணினிகள் வைத்திருந்த ஒரு பிரவுசிங் சென்டரில், மணிக்கு இருபது ரூபாய் கொடுத்துத் தேர்வு முடிவுக்காகக் காத்திருந்த அந்நாட்களில், திரையில் தெரிந்த நீல நிற 'ஈ' என்னும் ஆங்கில எழுத்தையே எங்களில் பலர் இன்டர்நெட் என்று எண்ணியிருந்தோம். இன்டர்நெட்டைக் காண உதவும் சாதனம் மாத்திரமே அது என்பதையோ, அவ்வேலைக்கு வேறு சாதனங்களும் உண்டு என்பதையோ எங்களுக்குச் சொல்வார் இல்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்ற அந்த நீல எழுத்துக்கு மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் மாதத்தில் விடை கொடுத்துவிட்டது. அதன் ஸ்தானத்தில் இன்று கூகுளின் குரோம் அமர்ந்திருக்கிறது. 2008இல் பிறந்த அதன் வழியாகவே உலகில் ஏறக்குறைய மூவரில் இருவர் இணையத்தைத் திறக்கிறார்கள்.

தமிழில் இச்சாதனத்துக்கு உலாவி என்று பெயர். உலா என்பது நம் சிற்றிலக்கிய வகைகளுள் ஒன்று. தலைவன் வீதியில் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவ மகளிரும் அவனைக் கண்டு காதல் கொள்வதைப் பாடுவது. சோழர் மூவர்மீது ஒட்டக்கூத்தர் பாடியவை இவ்வகையில் புகழ்பெற்றவை. உலா வருபவன் வீதியைப் பார்ப்பதைவிட வீதி அவனைப் பார்ப்பதுதான் அந்த இலக்கியத்தின் உயிர். இணையத்தில் நாம் வரும் உலாவும் அத்தகையதே என்பதை நான் உணர்ந்தது சில ஆண்டுகளுக்கு முன்புதான். என் தாயாரின் மூட்டுவலிக்கு ஒரு தைலத்தை இரவில் தேடினேன். மறுநாள் காலை செய்தி படிக்கப் போனாலும், ரயில் நேரம் பார்க்கப் போனாலும், மூட்டுவலி மருந்துகளே ஓரங்களில் வரிசையாக நின்றன. சோழன் தான் பார்க்கப்படுவதை அறிந்தே தேரேறினான். எனக்கோ, பார்ப்பவர் இன்னார் என்றுகூடத் தெரியவில்லை.

இது நடக்கும் விதம் எளியது. நாம் ஒரு பக்கத்தைத் திறக்கையில் அப்பக்கத்தார் நம் உலாவியில் குக்கீ என்னும் சிறு குறிப்பொன்றை வைக்கிறார்கள், நாம் யார் என்று மறுமுறை அடையாளம் காண அது உதவுகிறது, அதில் குற்றமில்லை. ஆனால் அதே பக்கத்தில் இடம்பிடித்திருக்கும் விளம்பரக்காரரும் தம் குறிப்பை வைத்து, நாம் அடுத்தடுத்துச் செல்லும் ஆயிரம் பக்கங்களிலும் அதைப் படித்து, நம் அந்தரங்கத்தைக் கோவையாகத் தொகுத்துவிடுகிறார். ஃபயர்ஃபாக்ஸ் என்னும் உலாவி 2022இல் இக்குறிப்புகளை ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி அறையில் பூட்டி வைப்பதை இயல்பான ஏற்பாடாக்கியது. குரோமில் இவற்றை நீக்குவதாக 2020இல் அறிவித்த கூகுள், 2024 ஜூலையில் அந்த உத்தேசத்தைக் கைவிட்டது. விளம்பரமே ஜீவனமாக உள்ள ஸ்தாபனத்திடம் வேறெதை எதிர்பார்ப்பது?

குரோம் தன் சிறப்பினால் மட்டும் நம் கைக்கு வந்ததன்று. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் குரோம் உள்ளிட்ட தன் செயலிகளைத் தொகுப்பாக ஏற்றியே விற்கும்படி செய்தது முதலான காரணங்களுக்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

இந்நிலையில்தான் நம் ஊர்ப்பக்கத்திலிருந்தே ஒரு மாற்று வந்தது. பூந்தமல்லியை அடுத்து வெளிவட்டச் சாலையில் ஏறி வண்டலூர் போய்ச் சேர்ந்தால், அங்கிருந்து சற்றே தெற்கில், கூடுவாஞ்சேரிப் பக்கத்தில் ஜோஹோ நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. 2023 மே மாதத்தில் அந்நிறுவனம் வெளியிட்ட உலாவிக்குப் பெயரே 'உலா'. பின்தொடரும் விளம்பரக்காரர்களைத் தடுப்பதே தன் பிரதான நோக்கம் என்று அது அறிவித்தது. அலுவலுக்கும் சொந்த வேலைக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனி முறைகளை வைத்தது. இந்திய உலாவி ஒன்றை உருவாக்க மத்திய அரசு நடத்திய போட்டியில், 2025 மார்ச்சில் முதற்பரிசான ஒரு கோடி ரூபாய் ஜோஹோவுக்கே கிடைத்தது.

இதில் எனக்கு உண்டான பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடவும் மனம் ஒப்பவில்லை. உலாவின் உள்ளே ஓடும் யந்திரம் குரோமியம். கூகுள் முன்னின்று வளர்ப்பது. எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி ஆகியவற்றின் அஸ்திவாரமும் அதுவே. வீடுகள் வேறு, கடைக்கால் ஒன்று. கெக்கோ என்ற தன் சொந்த யந்திரத்தோடு, பலவகைக் கணினிகளிலும் இன்றும் நிற்கும் பெரிய உலாவி ஃபயர்ஃபாக்ஸ். அதைப் பயன்படுத்துவோர் இன்று நூற்றுக்கு மூவர்கூட இருக்கமாட்டார்கள். ஒரே யந்திரம் எங்கும் பரவினால் என்ன ஆகும் என்பதை நாம் ஒருமுறை கண்டிருக்கிறோம்: 2001இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 உலகத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் பிடித்துக்கொண்ட பின், அடுத்த பதிப்பு வர ஐந்து ஆண்டுகள் ஆயின, இடையே 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் வந்திராவிட்டால் இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆகியிருக்குமோ!

ஆகவே வீட்டுக் கணினிக்கு ஃபயர்ஃபாக்ஸையும், கைப்பேசிக்கு உலாவையும் தேர்ந்தெடுத்தேன். மாறுவது நான் அஞ்சியதுபோல் கஷ்டமாக இல்லை. கணினியில், குறித்து வைத்த பக்கங்களைப் பழைய உலாவியிலிருந்து புதியது தானே எடுத்துக்கொள்கிறது. கைப்பேசியின் அமைப்புகளில் இயல்பு உலாவி எது என்று ஒருமுறை மாற்றிவிட்டால், வாட்ஸ்அப்பில் வரும் இணைப்புகளும் அதிலேயே திறக்கும். இரண்டு வாரம் கை பழைய இடத்துக்கே போகும், பிறகு போகாது.

சிக்கல் வந்தது, அலுவலகக் கணினியிலும் உலாவியை மாற்றியபோதுதான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். டெண்டர் போடும் ஒரு தளம், மின்னணுக் கையெழுத்துக்கான டிஎஸ்சி டோக்கனைச் செருகியதும், புதிய உலாவியில் அசையாமல் நின்றுவிட்டது. மத்திய அரசின் போட்டியில், இந்தியச் சான்றளிப்பு அதிகாரியின் மூலச் சான்றிதழை ஏற்பதும், உலாவிக்குள்ளேயே டோக்கனால் கையெழுத்திடுவதும் நிபந்தனைகளாக வைக்கப்பட்டது எத்தனை அவசியம் என்பதை அன்று அறிந்தேன். அதனால் பட்டறைக் கணினியில் மட்டும் பழைய உலாவி இன்னும் ஒரு மூலையில் இருக்கிறது. டெண்டர் நாளன்று காலையில் அதைத் திறந்து, கையெழுத்திட்டு, ரசீதை அச்செடுத்ததும் மூடிவிடுகிறேன். முதலாளி தேநீர் சொல்லி அனுப்புவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது.