தரையைத் தொடும் முன்பே தடுமாறும் கால்

தை முதல் நாள் அவனியாபுரத்தில் வாடிவாசல் திறந்ததும் எல்லோர் கண்ணும் திமிலைப் பற்றிய கைகள் மீதுதான். மூன்று துள்ளல் தாங்கினால் மாடுபிடி வீரர் ஜெயித்தார். அவர் பிடியை விட்டபின் எப்படித் தரையிறங்குகிறார் என்று பார்ப்பவர் குறைவு. மாடு சுழலும் வேகத்தில் உடம்பு ஒரு பக்கம் வீசப்படும். பல நேரம் ஒற்றைக் காலில்தான் இறங்க வேண்டியிருக்கும். கீழே பரப்பிய தென்னை நார்க்கழிவு, விழுகிற உடம்பைக் காப்பாற்றும். மெத்தென்ற அந்தத் தரையில் பாதம் எந்தப் பக்கம் சாயும் என்பது வேறு கேள்வி.

ஆண்டின் மற்ற நாட்களில் இதே ஆபத்து வாலிபால் நெட்டுக்கு அடியில் இருக்கிறது. பசுமலை, திருநகர், திருப்பரங்குன்றம் என்று எந்தப் பக்கம் ஆடினாலும் அதுதான். பிளாக்குக்கு எழும்பியவர், எதிர் அணி அட்டாக்கரின் பாதத்தின் மேல் இறங்கிவிடுவார். பாதம் உள்நோக்கி மடங்கும். கணுக்காலின் வெளிப்புற எலும்புக்கு முன்னால் உள்ள லிகமென்ட்தான் பெரும்பாலும் முதலில் கிழியும். வாலிபாலில் கணுக்கால் காயங்களுக்கு முதன்மையான காரணம் இந்தத் தரையிறக்கமே.

"கால் பெரண்டுருச்சு" என்று நொண்டிக்கொண்டு வரும் பையனுக்கு வீட்டில் புளியும் உப்பும் காய்ச்சிப் பற்றுப் போடுவார்கள். இரட்டைப் பிள்ளை பெற்றவரைத் தேடிப் போய் சுளுக்கு வழிக்கச் சொல்வதும் உண்டு. (புதுக் காயத்தை அழுத்தி வழிப்பதை மட்டும் தயவுசெய்து தவிருங்கள், உள்ளே ரத்தக் கசிவு கூடலாம்.) பத்துப் பதினைந்து நாளில் வீக்கம் வடிகிறது, வலி போகிறது, பையன் மறுபடி மைதானத்தில் நிற்கிறான். பெற்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கையில் இருக்கும் ஒரே அளவுகோல் வலி. அந்த அளவுகோல் போதாது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

லிகமென்ட் என்பது எலும்புகளைக் கட்டிவைக்கும் வெறும் நார் இல்லை. பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் அதில் இருக்கின்றன. சுளுக்கில் அவையும் சேதமாகின்றன, அதனால்தான் கால் திரும்பத் திரும்ப மடங்குகிறது என்று பிரிட்டனைச் சேர்ந்த எம்.ஏ.ஆர். ஃப்ரீமன் 1965லேயே வாதிட்டார். நாள்பட்ட கணுக்கால் உறுதியின்மை பற்றிய ஆய்வுகள் பலவும் அங்கிருந்து கிளைத்தவை.

டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்து 2006ல் வெளியான ஓர் ஆய்வு என்னை உலுக்கியது. இப்படி அடிக்கடி கால் மடங்குபவர்களை மேடையிலிருந்து ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லி அளந்தார்கள். தரையைத் தொடுவதற்கு 200 மில்லி நொடி முன்பே, அதாவது காற்றில் இருக்கும்போதே, அவர்கள் பாதம் மற்றவர்களைவிட உள்நோக்கித் திரும்பியிருந்தது. பாதத்தை வெளிப்பக்கம் இழுத்துப் பிடிக்கும் பெரோனியஸ் தசையும் தரை தொடும் முன் குறைவாகவே வேலை செய்தது. தரை பட்ட பிறகு அந்தத் தசை விழித்துப் பயனில்லை. அது முழு பலத்தோடு இழுப்பதற்குள் கால் மடங்கி முடிந்திருக்கும். தரையிறங்கிய பிறகோ, பாதம் போதுமான அளவு மேல்நோக்கி மடங்கவில்லை. அதிர்ச்சியை வாங்க வேண்டிய மூட்டு விறைத்து நின்றது.

வாங்காத அதிர்ச்சி மேலே போகும். முழங்கால் என்ன செய்கிறது என்பதில் ஆய்வுகள் முரண்படுகின்றன. சிலவற்றில் அது கூடுதலாக மடங்கி ஈடுகட்டுகிறது. சிலவற்றில் மடங்காமல் விறைக்கிறது. கணுக்காலை நம்ப முடியாத உடம்பு ஆளுக்கு ஒரு வழியைக் கண்டுபிடிக்கிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஸ்டெஃபன் கரிக்கு 2011, 2012 என அடுத்தடுத்த ஆண்டுகளில் வலது கணுக்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு பயிற்சியாளர்கள் அதிகம் உழைத்தது அவருடைய இடுப்புத் தசைகளில். திரும்புவதும் நிற்பதும் இடுப்பின் பொறுப்பாயின. 2015ல் அவர் என்பிஏவின் மிகச் சிறந்த வீரர்.

அதே டப்ளின் குழுவினர் 2016ல் இன்னொன்றைச் சொன்னார்கள். முதன்முறை சுளுக்கியவர்களில் 70 பேரை ஓராண்டு தொடர்ந்ததில் 28 பேருக்கு உறுதியின்மை நிலைத்துவிட்டது. யாருக்கு நிலைக்கும் என்பதற்கு முன்கூட்டிய அடையாளம், முதல் இரண்டு வாரத்துக்குள் குதித்துத் தரையிறங்கும் பயிற்சிகளைச் செய்ய முடியாமல் போனது. ஸ்கேன் கேட்காத அடையாளம் இது. ஆனால் அடிபட்ட காலைக் குதிக்க வைத்துச் சோதிப்பது பிசியோதெரபிஸ்ட் முன்னால்தான் நடக்க வேண்டும். அடிபட்ட உடனே நாலு அடிகூட எடுத்துவைக்க முடியாவிட்டால், பற்றையும் வழிப்பதையும் ஒதுக்கிவிட்டு எக்ஸ்ரேவுக்குப் போங்கள். மதுரைப் பெரியாஸ்பத்திரியில் எலும்பு மருத்துவப் பிரிவு இருக்கிறது.

பயிற்சிகள் எளியவை. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பது, பிறகு கண்ணை மூடி நிற்பது, பிறகு தலையணை மேல் நிற்பது. பழைய சைக்கிள் டியூபைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கம் இழுப்பது பெரோனியஸை எழுப்பும். ஒரு படி உயரத்திலிருந்து இரண்டு காலில் குதித்து, முழங்காலை மடக்கி, சத்தமில்லாமல் இறங்கி அசையாமல் நிற்பது. அது கைவந்தபின் ஒற்றைக் காலில். களத்துக்குத் திரும்பும்போது கணுக்காலுக்கு பிரேஸ் போடுவது மறுபடி மடங்குவதைக் கணிசமாகக் குறைக்கிறது. மாதக் கணக்கில் பயிற்சி செய்தும் கால் மடங்கிக்கொண்டே இருந்தால்தான் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு.

நார்வேயில் வாலிபால் அணிகளுக்கு எழும்புவதையும் இறங்குவதையும் முறையாகக் கற்றுக்கொடுத்து, சமநிலைப் பலகைப் பயிற்சியும் சேர்த்தார்கள். கணுக்கால் காயங்கள் ஏறக்குறைய பாதியாகின. முடிவுகள் 1997ல் வெளியாயின. நம் பள்ளிகளில் பி.டி. மாஸ்டர்கள் ஸ்மாஷையும் பிளாக்கையும் அக்கறையோடு கற்றுத்தருகிறார்கள். தினமும் பந்தை எடுப்பதற்கு முன் பத்து நிமிடம் இறங்குவதற்கும் ஒதுக்க வேண்டும் என்பதே அவர்களிடம் என் கோரிக்கை. போன மாதம் கால் பிரண்டு, இப்போது "வலி இல்ல சார்" என்று வந்து நிற்கும் மாணவனிடம் அந்தப் பத்து நிமிடத்தில் அவர்கள் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெளிவு: அடிபட்ட காலில் இறங்கி, அவன் ஆடாமல் நிற்கிறானா?