பதநீர் பருவம் முடிந்ததா? கலயம், கொப்பரை, தளைநாரை அடுத்த தை வரை பாதுகாப்பது எப்படி?

விழுப்புரம் மாவட்டத்தில் நரசிங்கனூர், பூரிகுடிசை போன்ற ஊர்களில் தை, மாசியில் தொடங்கும் பதநீர் இறக்கும் வேலை ஆனி, ஆடியோடு ஓய்ந்துவிடும். அதன்பிறகு பனையேறிகள் நுங்கு, ஓலை, கூலி வேலை என்று வேறு பக்கம் போய்விடுகிறார்கள். ஐந்தாறு மாதம் உழைத்த கலயங்களும் கொப்பரையும் கொட்டகை மூலையில் அப்படியே கிடக்கும். நடுவில் வடகிழக்குப் பருவமழை வேறு வந்து போகும். அடுத்த தையில் எடுத்துப் பார்க்கும்போதுதான் பிரச்னை தெரியும்.

பருவம் தொடங்கிய முதல் இரண்டு மூன்று வாரங்களில் பதநீர் அடிக்கடி புளித்துப்போகிறது, கருப்பட்டி சரியாகக் கட்டவில்லை என்பது பலரும் சொல்லும் குறை. மரத்தையும் வெயிலையும் குறை சொல்வதற்கு முன்னால் கலயத்தின் உள்பக்கத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது. பதநீர் புளிக்கும்போது அதிலுள்ள சர்க்கரை உடைந்துவிடுகிறது. அப்படி உடைந்த சர்க்கரை எவ்வளவு காய்ச்சினாலும் இறுகாது. அச்சில் ஊற்றினாலும் இளகி, காற்றின் ஈரத்தை இழுத்து ஒழுகும். எரித்த விறகும் வீண், ஏறி இறங்கிய உழைப்பும் வீண். இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருக்கிறது. புளித்த பதநீர் என்பது கள்தான். கலயம் சுத்தமில்லாததால் புளித்தது என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும் நிலைமை யாருக்கும் வர வேண்டாம்.

பழைய சுண்ணாம்பு வேலை செய்யாது

பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுகிறோம். சுண்ணாம்பின் காரத்தன்மை நொதிக்க வைக்கும் நுண்ணுயிர்களை அடக்கி வைக்கிறது. ஆனால் அந்தச் சுண்ணாம்பு காற்றுபடக் காய்ந்து கிடந்தால், காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெறும் சாக்கட்டியைப் போல மாறிவிடும். பார்க்க வெள்ளையாகத்தான் இருக்கும், காரம் மட்டும் போயிருக்கும். 'போன வருஷம் தடவினது இன்னும் ஒட்டிக்கிட்டுதானே இருக்கு' என்று அதன்மேலேயே லேசாக ஒரு பூச்சு பூசுவது ஏமாற்றம்தான். பழைய பூச்சின் இடுக்குகளில் சர்க்கரையும் நொதியும் ஒளிந்திருக்கும். புதுப் பூச்சு அதை மூடி மறைக்குமே தவிர, அழிக்காது.

அதனால் கடைசிப் பதநீர் இறக்கிய வாரத்திலேயே கலயங்களைக் கழுவிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் சர்க்கரை இறுகிக் கல் மாதிரி ஆகிவிடும். மண் கலயங்களை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, தேங்காய் நாரால் தேய்த்தால் பெரும்பாலும் உரிந்து வந்துவிடும். விடாப்பிடியாக ஒட்டியிருக்கும் சுண்ணாம்புக்குப் புளிக்கரைசல் ஊற்றி இரண்டு மணி நேரம் வைத்துத் தேய்க்கலாம். மண் பாத்திரத்துக்குச் சோப்பு, பிளீச்சிங் பவுடர் வேண்டவே வேண்டாம். மண்ணின் நுண்துளைகள் அவற்றைக் குடித்து வைத்துக்கொண்டு, அடுத்த பருவத்தில் பதநீரில் கக்கும்.

நன்றாக அலசியபின் இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, பன்னாடை, காய்ந்த ஓலை போட்டுப் புகை மூட்டி அதன்மேல் கலயங்களைக் கவிழ்த்து வைக்க வேண்டும். உள்பக்கம் கை வைக்க முடியாத அளவு சூடேறினால்தான் துளைகளுக்குள் இருக்கும் நொதி சாகும். இது பெரியவர்கள் காலங்காலமாகச் செய்துவந்ததுதான். பிளாஸ்டிக் வந்தபிறகு பலர் விட்டுவிட்டார்கள். ஆறியதும் ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் எடுத்து வையுங்கள். மந்தமாகக் கேட்டால் எங்கோ கீறல் இருக்கிறது. அதைச் செடி வைக்கக் கொடுத்துவிடலாம். நல்ல கலயங்களைத் தரையில் அடுக்காமல் பரணில், காய்ந்த வைக்கோல் மேல் கவிழ்த்து வையுங்கள். வாயைத் திறந்துவைத்தால் குளவி கூடு கட்டும்.

பிளாஸ்டிக் கேன் பயன்படுத்துகிறவர்கள் வெந்நீரில் கழுவி நிழலில் காயவைத்தால் போதும். உள்ளே கீறல் விழுந்த கேனைத் தூக்கிப்போட்டுவிடுங்கள். கீறலுக்குள் இருப்பதை எந்த நாராலும் எடுக்க முடியாது. வெயிலில் கிடந்து நொறுங்கத் தொடங்கியதும் அப்படியே. பூச்சிமருந்து வந்த கேனைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை என்று நினைக்கிறேன்.

மிச்சமான சுண்ணாம்பையும் கவனிக்க வேண்டும். நீற்றிய சுண்ணாம்பை மூடியுள்ள பானையில் போட்டு, அதன்மேல் நான்கு விரல் தண்ணீர் எப்போதும் நிற்கும்படி வைத்தால் மாதக்கணக்கில் காரம் போகாது. பொடியாக மூட்டையில் கட்டி வைத்திருந்தால் தையில் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். ஒரு சிட்டிகை பொடியில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விடுங்கள். புஸ்ஸென்று நுரை பொங்கினால் அது சாக்கட்டி ஆகிவிட்டது, கலயத்துக்கு உதவாது. நுரை அதிகம் வராமல் கரைந்தால் பயன்படுத்தலாம்.

கொப்பரை எந்த உலோகம் என்று பார்த்துக் கழுவுங்கள்

காய்ச்சும் கொப்பரையின் அடியில் சுண்ணாம்பும் கருகிய சர்க்கரையும் சேர்ந்து ஒரு படலம் பிடிக்கும். இந்தப் படலம் சூட்டை உள்ளே விடாது, விறகு கூடுதலாகச் செலவாகும். அடுத்த பருவத்தில் அதே படலம் மறுபடி கருகி, கருப்பட்டிக்குக் கறுத்த நிறமும் கசப்பும் கொடுக்கும்.

எவர்சில்வர் கொப்பரையாக இருந்தால் படலம் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி, இரண்டு கை புளி போட்டுக் கொதிக்கவைத்து, இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் நாரால் தேயுங்கள். கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது எவர்சில்வரில் ஊசி ஊசியாய்க் குழி போட்டுவிடும். அந்தக் குழிகளில் அடுத்த பருவம் முழுக்க அழுக்கு சேரும். இரும்புக் கொப்பரைக்கும் புளித் தண்ணீர் சரிதான். ஆனால் கழுவியவுடன் அடுப்பில் வைத்து ஈரத்தை ஓட்டி, சூடு இருக்கும்போதே நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ மெல்லியதாகத் தடவிவிட வேண்டும். ஒரு நாள் ஈரத்தோடு விட்டாலும் துரு ஏறிவிடும். துத்தநாகம் பூசிய தகரக் கொப்பரைக்குப் புளி ஆகாது, பூச்சையே தின்றுவிடும். வெந்நீரும் நாரும் மட்டும் போதும்.

அலுமினியப் பாத்திரத்தில் பதநீர் காய்ச்சுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சுண்ணாம்பு கலந்த பதநீர் காரமானது. காரம் அலுமினியத்தை அரிக்கும். பாத்திரம் வருடத்துக்கு வருடம் மெலிகிறதென்றால் அந்த அலுமினியம் கருப்பட்டிக்குள்தான் போயிருக்கிறது. அடுத்த பருவத்துக்குள் மாற்றிவிடுங்கள்.

அடுப்புச் சாம்பலை மழைக்கு முன்பே அள்ளிவிட வேண்டும். ஈரச் சாம்பல் இரும்புக் கம்பிகளையும் கொப்பரை அடியையும் அரிக்கும். சிரட்டை அச்சு, துடுப்பு, வடிகட்டும் துணி எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டெடுத்து முற்றாகக் காயவைத்து ஓலைப்பெட்டியில் போட்டுக் கட்டித் தொங்கவிடலாம்.

நார் பழசானால் உயிருக்கு ஆபத்து

கலயம் கெட்டால் ஒரு நாள் பதநீர் போகும். தளைநார் கெட்டால் போவது உயிர். ஆறு மாதம் வியர்வையும் பதநீரும் பட்ட நாரை எலி தேடி வந்து கடிக்கும். மேலே பார்த்தால் முழுசாகத் தெரியும், உள்ளே இரண்டு மூன்று இழை அறுந்திருக்கும். மட்டை நாரில் செய்த தளையைப் பருவத்துக்குப் பருவம் புதிதாகச் செய்துகொள்வதுதான் பாதுகாப்பு. இதில் சிக்கனம் பார்க்க எதுவும் இல்லை. மரத்தில் நாருக்கா பஞ்சம்?

நைலான் இடைக்கயிறு, பெல்ட் வைத்திருப்பவர்கள் வெறும் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தி வையுங்கள். வெயிலில் கிடந்தால் நைலான் வலுவிழக்கும். உர மூட்டை, பூச்சிமருந்து, டிராக்டர் பேட்டரி இருக்கும் அறையில் வைக்கவே கூடாது. பேட்டரி அமிலம் பட்ட இடம் கண்ணுக்குத் தெரியாமல் இற்றுப்போகும். பருவம் தொடங்கும்போது தையல், கொக்கி எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இடுப்பு உயரத்தில் மரத்தில் மாட்டி முழு எடையையும் சாய்த்து உலுக்கிப் பாருங்கள். ஏறும் கருவி வாங்கியவர்கள் அதன் கம்பி வடத்தில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் வடத்தையே மாற்ற வேண்டும்.

பாளை அரிவாளைச் சர்க்கரைப் பிசுக்குப் போகக் கழுவி, தீட்டி, எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள். மரக்காணம் பக்கம் உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் மாதம் ஒருமுறை எடுத்து மறுபடி எண்ணெய் தடவுவது அவசியம்.

ஆர்.ஓ. கருவி பதநீருக்கு உதவுமா?

கனடாவிலும் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலும் மேப்பிள் மரத்தின் நீரைக் காய்ச்சிப் பாகு எடுக்கிறார்கள். அந்த நீரில் சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான். ஒரு லிட்டர் பாகுக்கு 40 லிட்டர் நீர் காய்ச்ச வேண்டும். அதனால் அங்கே ஆர்.ஓ. கருவியில் விட்டு முதலில் பெரும்பகுதித் தண்ணீரைப் பிரித்துவிட்டு, மிச்சத்தைத்தான் அடுப்பில் ஏற்றுகிறார்கள். இணையத்தில் அதைப் பார்த்துவிட்டு நம்மூரில் சில இளைஞர்கள் பதநீருக்கும் செய்யலாமா என்று கேட்கிறார்கள்.

பதநீரில் சர்க்கரை 10 முதல் 13 சதவீதம் வரை இருக்கிறது. சுமார் எட்டு லிட்டருக்கு ஒரு கிலோ கருப்பட்டி கிடைத்துவிடும். எனவே விறகு மிச்சம் அங்கே கிடைக்கும் அளவுக்குக் கிடைக்காது. அதோடு சுண்ணாம்பு கலந்த பதநீரை அப்படியே விட்டால் ஆர்.ஓ. சவ்வு சில நாளிலேயே அடைத்துவிடும். சுண்ணாம்பை முழுக்கப் பிரித்து வடிகட்டியபிறகுதான் யோசிக்கவே முடியும். சிறு உற்பத்தியாளருக்கு அது கட்டுபடியாகாது என்பதே என் கருத்து.

மேப்பிள்காரர்களிடம் கற்க வேண்டியது பருவம் முடிந்தபின் அவர்கள் காட்டும் அக்கறையை. சவ்வைக் காரக் கரைசலில் கழுவி, தேவையானால் அமிலக் கரைசலிலும் கழுவி, உலராமல் மூடி வைக்கிறார்கள். பதநீர், கருப்பட்டி பொதிக்கும் இடங்களில் பாத்திரம் கழுவவும் குடிக்கவும் ஆர்.ஓ. தண்ணீர்க் கருவி வைத்திருக்கும் குழுக்களுக்கும் இது பொருந்தும். ஆறு மாதம் சும்மா நிறுத்திவிட்டால் உள்ளே பாசி போலப் படலம் வளர்ந்து நாறும். சவ்வு காய்ந்தாலும் பாழ். நல்ல தண்ணீரால் அலசிவிட்டு, உணவுத் தரச் சோடியம் மெட்டாபைசல்பைட்டை 1 சதவீத அளவில், அதாவது 10 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீருக்கு 100 கிராம் கரைத்து நிரப்பி, காற்று புகாமல் மூட வேண்டும். மாதம் ஒருமுறை புதிதாக மாற்றினால் நல்லது. அதன் நெடி மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கு ஆகாது என்பதால் திறந்த வெளியில் கரையுங்கள். குளோரின் கலந்த தண்ணீரைச் சவ்வில் விடாதீர்கள். மறுபடி ஓட்டும்போது முதல் ஒரு மணி நேரத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

எங்கே வைப்பது?

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியதை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கொட்டகைத் தரையில் வைத்த எதற்கும் உத்தரவாதமில்லை. இடுப்பு உயரத்துக்கு மேல் பரண், காற்றோட்டம், ஓலைக்கூரை என்றால் அதன்மேல் ஒரு தார்ப்பாய் போதும். தார்ப்பாயைக் கலயங்களின் மேல் நேரடியாகப் போர்த்தினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

கார்த்திகை கடைசியில் ஒரு நாள் ஒதுக்கி எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துவிடுங்கள். புதுக் கலயம் வேண்டுமென்றால் அப்போதே குயவரிடம் சொல்லிவிட வேண்டும். மார்கழியில் அவர்கள் பொங்கல் பானை வேலையில் இறங்கிவிட்டால் நம் கலயத்துக்குத் தை கடைசிதான். காய்ச்சும் கூடம், ஏறும் கருவி போன்றவற்றுக்குப் பனை மேம்பாட்டு இயக்கத்தில் இந்த ஆண்டு மானியம் இருக்கிறதா என்று உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்கலாம். மற்ற தொழில்நுட்பச் சந்தேகங்களுக்குத் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.