இடம்பெயர்ந்தோர் நடுவே துயர்தணிப்புப் பணி: எண்ணுதலின் இன்றியமையாமை

முன்னுரை

போர், இனக்கலவரம், பஞ்சம், வெள்ளம் முதலியவற்றால் வீடிழந்து ஓடிவரும் மக்களுக்கு முதலில் கதவைத் திறப்பவை பல வேளைகளில் பள்ளிக்கூடங்களும் ஆலயங்களுமே. அரசாங்க அதிகாரியும் மருத்துவரும் வந்துசேருமுன்னரே ஆயரும் உபதேசியாரும் அம்மக்கள் நடுவே நிற்க வேண்டியவர்களாகின்றனர். அவ்வேளையில் இரக்கத்திற்குக் குறைவிருப்பதில்லை, குறைவுபடுவது திட்டமே. திட்டமின்றிச் செய்யப்படும் உதவி வலியோரிடமே சென்று சேர, நலிந்தோர் ஓசையின்றி மாண்டுபோவதைக் கடந்த அரை நூற்றாண்டின் அகதி முகாம்கள் நமக்குக் காட்டியுள்ளன. தமிழில் 'எண்ணுதல்' என்னும் சொல் கணக்கிடுதலையும் சிந்தித்தலையும் ஒருங்கே குறிக்கும். இவ்விருபொருளிலும் எண்ணுதல் எவ்வாறு உயிர்காக்கும் பணியாகிறது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. முகாம்களில் மக்கள் இறப்பது எதனால்?

வாளுக்கும் குண்டுக்கும் தப்பியோர் முகாமில் இறப்பது அரிய நோய்களால் அன்று. வயிற்றுப்போக்கு, தட்டம்மை, நிமோனியா, மலேரியா ஆகிய எளிய நோய்களும், அவற்றைக் கொடியனவாக்கும் ஊட்டக்குறைவுமே பெரும்பாலான இறப்புகளுக்குக் காரணம். இவை தடுக்கப்படக்கூடியவை என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

1994 ஜூலை நடுவில் ருவாண்டாவிலிருந்து, அந்நாளில் சயீர் எனப்பட்ட கொங்கோ நாட்டின் கோமா பகுதிக்குச் சில நாள்களுக்குள் 5 முதல் 8 லட்சம் மக்கள் வந்து குவிந்தனர். அந்நிலம் எரிமலைப் பாறை. கழிப்பிடக் குழிகளையோ சவக்குழிகளையோ தோண்ட இயலவில்லை. மக்கள் கிவு ஏரியின் நீரைத் தூய்மை செய்யாமலே பருகினர். காலராவும் அதனைத் தொடர்ந்து சீதபேதியும் பரவ, முதல் மாதத்திலேயே ஏறத்தாழ 50,000 பேர் மாண்டனர். உலகத்தின் கண்கள் அம்முகாம்களை நோக்கியிருந்த வேளையிலேயே இது நிகழ்ந்தது. நல்ல நீர் உரிய நாளில் கிட்டாததே முதன்மையான காரணம்.

இதற்கு நேர்மாறான படிப்பினை ஒன்றும் உண்டு. 1971இல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ 1 கோடி மக்கள் இந்தியாவிற்குள் வந்தனர். மேற்கு வங்கத்தின் வனகாவ் என்னும் எல்லையூரில் காலரா பரவியபோது நரம்பு வழியாக ஏற்றும் உப்புநீர் போதவில்லை. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் குளுக்கோஸ், சமையல் உப்பு, சமையல் சோடா ஆகியவற்றை அளவாகக் கலந்து, நீரில் கரைத்து வாய்வழியே கொடுக்கச் செய்தார். நோயாளிகளின் உறவினரே அதனைப் புகட்டினர். ஏறக்குறைய 30 விழுக்காடாயிருந்த இறப்பு 3.6 விழுக்காடாகக் குறைந்தது. மருத்துவர் ஒருவர் செய்ய இயலாததைப் பயிற்றப்பெற்ற தாய்மார் பலர் செய்தனர் என்பதே இதன் சிறப்பு. இடம்பெயர்ந்தோர் உதவியைப் பெறுவோர் மட்டுமல்லர். பணியின் பங்காளரும் ஆவர்.

2. எண்ணிக்கையே அடிப்படை

கோமாவில் நேர்ந்தவற்றைப் பற்றிய ஆய்வுகளின் விளைவாக, செஞ்சிலுவை இயக்கமும் பல துயர்தணிப்பு நிறுவனங்களும் 1997இல் 'ஸ்பியர்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, உதவியின் குறைந்தபட்ச அளவுகளை வகுத்தன. இதில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் உலகத் திருச்சபைகளின் மாமன்றமும் பங்குகொண்டன. உதவி என்பது கொடுப்போரின் தயவு மட்டுமன்று, பெறுவோரின் உரிமையுமாகும் என்பது இதன் அடிப்படைக் கருத்து.

இவ்வளவுகளை 10,000 பேர் கொண்ட ஒரு முகாமுக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் நீர் எனில் 1,50,000 லிட்டர் வேண்டும். 10,000 லிட்டர் கொள்ளும் லாரி நாள்தோறும் 15 முறை வர வேண்டும். 250 பேருக்கு ஒரு குழாய் எனில் 40 குழாய்கள். தொடக்கத்தில் 50 பேருக்கு ஒன்றாக 200 கழிப்பிடங்களும், விரைவில் 20 பேருக்கு ஒன்றாக 500 கழிப்பிடங்களும் தேவை. ஒருவருக்கு 3.5 சதுர மீட்டர் கூரையிட்ட இடம் எனில் 35,000 சதுர மீட்டர். ஒருவருக்கு 2,100 கலோரி உணவு வேண்டும். இதில் தானியம் மட்டும் 400 கிராம் எனக் கொண்டால் நாளொன்றுக்கு 4 டன், மாதத்திற்கு 120 டன். இம்மக்களுள் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகள் ஏறக்குறைய 1,500 முதல் 2,000 பேர் இருப்பர்.

'எவ்வளவு முடியுமோ அவ்வளவு கொடுப்போம்' என்று கூறுவதற்கும், 'இவ்வளவு தேவை, இவ்வளவே உள்ளது, எஞ்சியதை யாரிடம் கேட்போம்' என்று கூறுவதற்கும் உள்ள வேறுபாடு இக்கணக்கால் விளங்கும்.

3. எதனை முதலில் செய்வது?

அனைத்தையும் ஒரே நாளில் செய்ய இயலாது. ஆதலால் வரிசை வேண்டும். நீர் முதலாவது, குளோரின் கலந்த நீர் சிறிதளவேனும் முதல் நாளே கிட்ட வேண்டும். கழிப்பிடம் அதனுடன் இணைந்தது. பெண்களுக்குத் தனியிடமும், உட்புறத் தாழ்ப்பாளும், இரவில் விளக்கும் இல்லையெனில் அவர்கள் அதனைப் பயன்படுத்த அஞ்சுவர். அடுத்து, ஒரு நோயாளியேனும் தோன்றுவதற்குக் காத்திராமல், 6 மாதம் முதல் 15 வயது வரையுள்ளோர் அனைவருக்கும் தட்டம்மைத் தடுப்பூசி போடப்பட வேண்டும். ஊட்டமின்றி நெருக்கமாய் வாழும் குழந்தைகளிடையே தட்டம்மை கொடுங்கொலையாளியாகும்.

உணவில் அளவு மட்டும் போதாது. மலாவி நாட்டிலிருந்த மொசாம்பிக் அகதிகள் மக்காச்சோளத்தையே பெரிதும் நம்பி வாழ்ந்தனர். நிலக்கடலை விநியோகம் தடைபடவே நியாசின் என்னும் உயிர்ச்சத்துக் குறைந்து, 1990இல் ஏறத்தாழ 18,000 பேர் பெலாக்ரா நோய்க்குள்ளாயினர். வயிறு நிறைந்திருந்தும் உடல் பட்டினி கிடந்தது.

4. விடுபட்டோர் யார்?

கோமாவில் தொடக்கத்தில் உணவு ஊர்த்தலைவர்கள் வழியாகவே பங்கிடப்பட்டது. அவர்களுள் பலர் இனப்படுகொலையில் பங்கேற்றவர்கள். உணவின் பெரும்பகுதி அவர்கள் கையில் சிக்க, ஆண் துணையற்ற பெண்களின் குடும்பங்களுக்குக் குறைவாகவே கிட்டியது. அக்குடும்பங்களின் குழந்தைகளிடையே ஊட்டக்குறைவு மிகுந்திருந்தது. மொத்த அளவு போதுமானதாயினும் பங்கீடு நீதியற்றதாயின் சாவு தொடரும்.

இச்சிக்கல் திருச்சபைக்குப் புதிதன்று. அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம் கூறும் முறையீடு இத்தகையதே. அன்றாடப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டனர். அம்முறையீட்டை அப்போஸ்தலர் முறுமுறுப்பு என்று ஒதுக்கவில்லை. எழுவரைத் தெரிந்தெடுக்கச் செய்தனர். அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களாயிருப்பது கருதத்தக்கது. விடுபட்டோரின் தரப்பினரிடமே பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது என இதனால் நாம் உய்த்துணரலாம். முகாமிலும் பங்கீட்டுக் குழுவில் பெண்கள், முதியோர், உடற்குறையுடையோர் இடம்பெற வேண்டும். வரிசையில் நிற்க இயலாதோரைக் கூடாரந்தோறும் சென்று தேட வேண்டும்.

5. இறந்தோரையும் எண்ணுதல்

முகாமின் உடல்நலத்தை அளக்கும் முதன்மையான அளவுகோல் இறப்பு வீதமே. 10,000 பேருக்கு நாளொன்றுக்கு ஓர் இறப்பு என்னும் எல்லையைத் தொட்டாலே அது நெருக்கடி நிலை. கோமாவில் இது 20 முதல் 35 வரை உயர்ந்தது. ஆனால் இறப்புகள் எளிதில் வெளிப்படுவதில்லை. ஒருவர் இறந்தாரென்று அறிவித்தால் அவருக்குரிய பங்கு நின்றுவிடுமென்று அஞ்சிக் குடும்பத்தார் இரவில் அடக்கம் செய்வதுண்டு. ஆதலால் மருத்துவமனைக் கணக்கு மட்டும் போதாது. இடுகாட்டில் நாள்தோறும் புதிய குழிகளை எண்ணுவோர் வேண்டும்.

இங்கு ஆயர்களுக்குத் தனிப்பொறுப்பு உண்டு. அடக்க ஆராதனைக்கு அழைக்கப்படுபவர் அவரே. இறந்தவரின் வயது, இறந்த நாள், நோயின் குறி ஆகியவற்றை அவர் குறித்து, இமாம் முதலிய பிற சமயத் தலைவரின் கணக்குகளுடன் சேர்த்து நலத்துறையினரிடம் அளிப்பாராயின், கொள்ளைநோய் பரவுமுன் தடுக்கப்படலாம். ஒரே வாரத்தில் மூன்று குழந்தைகளை அடக்கம் செய்தும் ஏனென்று கேளாத ஆயர், ஆறுதல் மட்டும் கூறிக் கடமையின் பாதியை விட்டவராவார்.

6. தீங்காகும் தருமம்

நல்லெண்ணத்துடன் அனுப்பப்படுபவை அனைத்தும் நன்மை பயப்பனவல்ல. பால்மாவும் புட்டிகளும் தூய நீரில்லா இடத்தில் தாய்ப்பாலை நிறுத்தி, வயிற்றுப்போக்கைக் கொணரும். பெயர் விளங்காத, காலங்கடந்த மருந்துகள் ஆபத்தானவை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப்பின் நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழந்துணிகள் குவிந்து கிடந்தன; அவற்றை அகற்றுவதே தனி வேலையாயிற்று. பெறுவோர் கேட்காததைக் கொடுப்பது அவர்களுடைய மானத்தையும் புண்படுத்தும். முகாமைச் சுற்றி வாழும் ஏழைகளை மறந்து அகதிகளுக்கு மட்டும் கொடுத்தால் பகைமையும் விளையும்.

முடிவுரை

ஆபத்து வந்தபின் திட்டமிடுதல் காலங்கடந்ததாகும். ஒவ்வொரு சபையும் இன்றே சில வினாக்களுக்கு விடை எழுதி வைத்தல் நலம். நமது கூடத்தில் எத்தனை பேர் தங்கலாம்? 200 பேர் வந்தால் 700 சதுர மீட்டர் இடமும், நாளுக்கு 3,000 லிட்டர் நீரும், உடனே 4 கழிப்பிடங்களும், பின்னர் 10 கழிப்பிடங்களும் தேவை. இவை நம்மிடம் உளவா? கிணறு வெள்ளத்தில் மூழ்குமா? சபையாருள் செவிலியர் எத்தனை பேர்? வட்டார நல அலுவலரை நாம் அறிவோமா? உப்புச் சர்க்கரைக் கரைசல் செய்யத் தெரிந்தோர் யார்?

இவ்வினாக்கள் ஆன்மீகச் சிறப்பற்றனவாகத் தோன்றலாம். ஆயினும் கோமாவுக்கும் வனகாவுக்கும் இடையே இருந்த வேறுபாடு இத்தகைய எளிய விடைகளில் அடங்கியிருந்தது. ஒருவரையும் விடாமல் எண்ணுவது, ஒருவரையும் இழக்க மனமில்லாத அன்பின் வேலையே. அவ்வேலையைக் கற்பது நம் ஊழியப் பயிற்சியின் ஒரு பகுதியாகட்டும்.