ஆகாத உணவு எது?
டாக்டர்கள் கண்டுபிடிப்பது எப்படி?

ஊரெல்லாம் விரும்பிச் சாப்பிடும் மீன், சிலருக்கு மட்டும் பகையாகிவிடுகிறது.

சாப்பிட்ட சிறிது நேரத்தில் உடம்பு தடிக்கும், அரிக்கும், உதடு வீங்கும். சிலருக்கு மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்து வந்துவிடும்! இதுதான் "ஒவ்வாமை". "அலர்ஜி" என்றும் சொல்வார்கள்.

வயிற்றில் ஊசி

ஜெர்மனியில் கூஸ்ட்னர் என்று ஒரு டாக்டர் இருந்தார். அவருக்கு மீன் ஆகாது. அவருடைய ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை, பிராவுஸ்னிட்ஸ் என்ற டாக்டர் தம் வயிற்றுத் தோலில் ஊசி மூலம் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றினார்.

என்ன ஆச்சரியம்! அந்த இடம் சிவந்து தடித்தது. இந்தச் சோதனை 1921-ல் வெளியாயிற்று. ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள் ரத்தத்தில் இருக்கிறது என்பது தெளிவாயிற்று. 1960-களின் பிற்பகுதியில் அந்தப் பொருளும் அகப்பட்டது. அதன் பெயர் "ஐ.ஜி.இ."

முதலில் கேள்விகள்

டாக்டர் எடுத்த எடுப்பில் ஊசியைத் தொடுவதில்லை. என்ன சாப்பிட்டீர்கள்? எவ்வளவு? எத்தனை நிமிஷத்தில் தடித்தது? முன்பும் இப்படி வந்ததா? இவற்றுக்குச் சரியான பதில் சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பிறகு தோல் சோதனை. சந்தேகப்படும் உணவின் சாற்றை முன்கையில் ஒரு சொட்டு விட்டு, லேசாகக் குத்துவார்கள். 15 முதல் 20 நிமிஷம் காத்திருப்பார்கள். 3 மில்லி மீட்டரோ அதற்கு மேலோ தடித்தால் சந்தேகம் வலுக்கும். ரத்தத்தில் ஐ.ஜி.இ. அளவையும் பார்ப்பது உண்டு.

கடைசிச் சோதனை

ஆனால், கை தடித்ததாலேயே அந்த உணவு ஆகாது என்று முடிவு கட்டக் கூடாது. சோதனையில் தடித்தும், அதே உணவைத் தொல்லையின்றிச் சாப்பிடுகிறவர்கள் பலர்!

சந்தேகம் தீராவிட்டால், ஆஸ்பத்திரியில் அந்த உணவையே துளித் துளியாகக் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டிப் பார்ப்பார்கள். ஆபத்து வந்தால் போட "அட்ரினலின்" ஊசி பக்கத்தில் தயாராக இருக்கும். இந்தச் சோதனையை வீட்டில் செய்யவே கூடாது.

வீண் சந்தேகத்தால் குழந்தைக்குப் பாலையும் முட்டையையும் நிறுத்தினால், பிள்ளை இளைத்துப் போகும். உண்மையான ஒவ்வாமையை அலட்சியம் செய்தால், உயிருக்கே ஆபத்து.

பால், முட்டை ஒவ்வாமை பல குழந்தைகளுக்கு வளர வளர மறைந்துவிடுகிறது. ஆகவே, ஒரு தடவை "ஆகாது" என்று சொல்லிவிட்டால் அதோடு விட்டுவிடாதீர்கள். டாக்டர் சொல்லும் காலத்தில் மறுபடியும் சோதித்துப் பாருங்கள்.