மரியாதையும் மானமும்: 1941 கிள்ளான் வேலைநிறுத்தம் உணர்த்தும் பொருள்மாற்றம்

மக்கள் போராட்டங்களைப் பொருளாதாரக் கண்கொண்டு மட்டுமே நோக்குவது நம்மிடையே வழக்கமாக உள்ளது. கூலியும் வேலை நேரமும் போராட்டத்திற்குக் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், போராடியோர் முன்வைத்த கோரிக்கைகளை ஊன்றிப் படித்தால், பணத்தால் அளக்க இயலாத ஒன்றையும் அவர்கள் கேட்டிருப்பது புலப்படும். அதனையே இன்று மனித மாண்பு என்கிறோம். அக்கருத்து போராட்டக் களத்தில் எவ்வாறு வடிவம் பெறுகிறது என்பதை நம் மண்ணின் வரலாற்றிலிருந்தே காணலாம்.

1941ஆம் ஆண்டின் முற்பகுதியில், சிலாங்கூர் மாநிலத்தின் கிள்ளான் வட்டார இரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஆர். எச். நாதன் அவர்களுக்கு வழிகாட்டினார். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்கள்மீதான அத்துமீறல்களை நிறுத்துதல், சங்கம் அமைக்கும் உரிமை ஆகியன அவர்கள்தம் கோரிக்கைகளுள் சில. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரைமாரோ தோட்ட அலுவலரோ எதிர்ப்படும்போது சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்னும் வழக்கம் ஒழியவேண்டும்.

இவ்வழக்கத்தை அந்நாளில் ‘மரியாதை’ என்றே குறித்திருப்பர். வடமொழி மூலத்தில் இச்சொல்லுக்கு எல்லை, வரம்பு என்பதே அடிப்படைப் பொருள். அவரவர் தத்தம் வரம்பில் நிற்பதே ஒழுங்கு என்ற கருத்திலிருந்து, மேலோர்க்குக் கீழோர் காட்டும் பணிவு என்ற பொருளும் கிளைத்தது. தோட்டத்தில் இம்மரியாதை ஒருவழிப் பாதையாகவே இருந்தது. தொழிலாளி இறங்கி நிற்பார்; துரை இறங்கமாட்டார்.

மானம் என்ற சொல்லின் வரலாறு வேறு. திருக்குறளில் குடிமைக்கு அடுத்து மானம் என்னும் அதிகாரம் அமைந்துள்ளது. அங்கு மானம் நற்குடிப் பிறந்தார் காக்கவேண்டிய பண்பாகப் பேசப்படுகிறது. அதனை எல்லா மனிதர்க்கும் பிறப்பிலேயே உரியதாகக் கருதும் போக்கு, இருபதாம் நூற்றாண்டின் மக்கள் இயக்கங்களால் வலுப்பெற்றது. 1925இல் தமிழகத்தில் தோன்றிய சுயமரியாதை இயக்கம், ‘மரியாதை’ என்ற சொல்லோடு ‘சுய’ என்ற அடையைச் சேர்த்து அதன் திசையையே மாற்றியது. பிறர்க்குச் செலுத்தும் பணிவைக் குறித்த சொல், தன்னைத் தான் மதித்தலைக் குறிக்கலாயிற்று. 1929இன் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தார். 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளரிடையே தன்மான உணர்வு வளரத் துணைநின்றவற்றுள் இவையும் அடங்கும்.

வேலைநிறுத்தத்தின் முடிவு துயரமானது. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் நாடு கடத்தப்பட்டார். படையினர் வரவழைக்கப்பட்டனர், துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். ஏழாண்டுகள் கழித்து, 1948இல், ஐக்கிய நாடுகள் அவை வெளியிட்ட உலக மனித உரிமைப் பிரகடனம், மாந்தர் அனைவரும் மாண்பிலும் உரிமையிலும் சமமானவர் என்று அறிவித்தது. அப்பிரகடனம் பிறக்கும் முன்பே, அதன் உட்பொருளைத் தோட்டத் தொழிலாளர் தம் அன்றாட வாழ்விலிருந்து கண்டுணர்ந்து கேட்டிருந்தனர்.

இவ்வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், அக்கோரிக்கைகளை இரு கூறாகப் பிரிக்குமாறு மாணவர்களைப் பணிக்கலாம்: நிருவாகத்திற்குச் செலவு வைப்பவை ஒருபுறம், செலவே இல்லாதவை மறுபுறம். சைக்கிளில் அமர்ந்தவாறே ஒருவரைக் கடந்துசெல்ல விடுவதால் எவருக்கும் ஒரு காசும் இழப்பில்லை. அவ்வாறிருந்தும் அதைப் பெறப் போராட வேண்டியிருந்தது ஏன் என்று மாணவர்கள் வினவுவார்களாயின், மாண்பு என்ற சொல்லின் பொருளை அவர்கள் அகராதியின் துணையின்றியே அறியத் தொடங்குவர்.